காளானுக்கு நிழல், பூவுக்கு வெயில்

மே 14

இன்னும் மழை இல்லை. சருகு காலடியில் நொறுங்குகிறது. இந்த வறட்சியில் காளான் தேடப் போகிறேன் என்றால் சிரிப்பார்கள். ஆனால் விழுந்து கிடக்கிற கிளைகளைப் புரட்டிப் பார்த்தால் எந்த மாதத்திலும் ஏதாவது இருக்கும். இன்று ஒரு பட்டுப்போன கிளை முழுக்கச் சாம்பல் வெள்ளையில் சின்னச் சின்ன விசிறிகள். ஸ்கைசோஃபில்லம் கம்யூன். அண்டார்ட்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இருக்கிற காளான். அதனால் அபூர்வம் ஒன்றுமில்லை, பார்க்கத்தான் ஆளில்லை.

மேல்புறம் மெல்லிய ரோமம். அடிப்புறத்தை லென்ஸில் பார்த்தால்தான் விஷயமே. குடையின் அடியில் வரிவரியாக இருக்கிற செவுள் மடிப்பு ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஓரங்கள் உள்பக்கம் சுருண்டிருக்கின்றன. ஸ்போர், அதாவது காளானுக்கு விதை மாதிரியான தூள், உண்டாகிற பரப்பு வெயிலில் காய்ந்துவிடாமல் இப்படி மூடிக்கொள்கிறது. ஈரம் பட்டால் மறுபடி விரியும். பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் அதன்மேல் விட்டுவிட்டு நடந்தேன். திரும்பி வரும்போது பாதிக்கு மேல் விரிந்திருந்தது.

மே 18

இன்று அக்கா மகளும் வந்தாள். காட்டு ஓரத்தில் மரம் விலகி வெயில் விழுகிற இடத்தில் கானாம்வாழை. பெரிய நீல இதழ் இரண்டு, கீழே ஒரு சின்ன இதழ். மதியத்துக்குள் வாடிவிடும் என்பதால் காலையிலேயே போனோம். பூவுக்குக் கடிகாரம் பார்த்துப் போகணும், காளானுக்கு மழையைப் பார்த்துப் போகணும். இரண்டையும் ஒரே நடையில் தேடுகிறவனுக்கு எப்போதுமே ஒன்று தவறும்.

"மாமா, இதுக்கு மண்ணுக்குள்ளயும் பூ இருக்குன்னு சொன்னீங்களே?" என்று பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு செடியின் அடியில் மட்டும் மண்ணை விலக்கிக் காட்டினேன். வெளிறிய சின்ன மொட்டு மாதிரிதான் இருக்கும், திறக்கவே திறக்காது. தனக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை முடிந்து விதை வைத்துவிடும். மேலே உள்ள பூவை ஆடு மேய்ந்துவிட்டாலும் கீழே உள்ளது தப்பிக்கும். மண்ணை மூடிவிட்டு வந்தோம்.

மே 23

நேற்று ராத்திரி நல்ல மழை. உடனே ஓடிப் பயனில்லை. இரண்டு நாள் போகட்டும்.

மே 26

போனதும் கிடைத்தது. மக்கிய சுள்ளிகள்மேல் பறவைக்கூடு காளான், கூட்டமாக. ஒரு கிண்ணம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. உள்ளே சாம்பல் நிறத்தில் தட்டையான முட்டைகள், அவற்றுக்குள்தான் ஸ்போர். கிண்ணத்தின் வேலை முழுக்க மழைத்துளியை நம்பித்தான் இருக்கிறது. துளி சரியாக உள்ளே விழுந்தால் அந்த வேகத்தில் முட்டை தெறித்து ஒரு மீட்டர் தூரம்கூடப் போகும். சில வகைகளில் முட்டையோடு ஒரு மெல்லிய நூலும் ஒட்டும் முனையும் உண்டு. வழியில் புல்லோ குச்சியோ பட்டால் சுற்றிக்கொண்டு தொங்கிவிடும். வெறும் கிண்ணங்கள் நிறைய இருந்தன. வேலை முடிந்தவை.

வெளியே புல்வெளி தொடங்குகிற இடத்தில் அகலக் குடையாக வெள்ளைக் காளான், உச்சியில் பழுப்புச் செதில்கள். பார்த்தால் சமைக்கலாம் போலத்தான் இருக்கிறது. எனக்குச் சந்தேகம். ஒரு குடையை மட்டும் கொண்டுவந்து, காம்பை வெட்டிவிட்டு, வெள்ளைத் தாளில் குப்புற வைத்து டம்ளரால் மூடியிருக்கிறேன்.

மே 27

தாளில் பச்சை! குடையிலிருந்து உதிர்ந்த ஸ்போர்தான், மங்கலான பச்சைத் தூளாகச் செவுள் செவுளாகக் கோடு போட்டிருக்கிறது. அப்படியானால் குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ். தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் படுத்தி எடுக்கும். இளசாக இருக்கும்போது செவுள் வெள்ளையாகவே இருப்பதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். விஷக் காளான் பட்டால் வெள்ளிக் கரண்டி கறுக்கும், பூச்சி கடித்திருந்தால் நல்ல காளான் என்பதெல்லாம் வெறும் பேச்சு. கொதிக்க வைத்தால் விஷம் போய்விடும் என்பது அதைவிட ஆபத்து. உயிரை வாங்குகிற சில அமானிட்டா வகைக் காளான்களின் விஷம் சமையல் சூட்டுக்கு மசியாது. எனக்குக் காட்டுக் காளான் பார்ப்பதற்கு மட்டும்தான்.

ஜூன் 3

இன்றைக்குத் தேடியது காளான், கிடைத்தது தரை ஆர்க்கிட். மக்கிய இலைகளுக்கு நடுவே ஒற்றைத் தண்டு, கீழே இரண்டு பூ விரிந்து மேலே மூன்று மொட்டு. அக்கா மகளுக்கு ஏமாற்றம், "காளான் எங்க?" என்றாள். அதன் அடியிலேயேதான் இருக்கிறது. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி. உள்ளே சேமித்த உணவு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. மண்ணில் இருக்கிற பூஞ்சை இழை விதைக்குள் புகுந்து ஊட்டினால்தான் அது முளைக்கவே முளைக்கும். நாம் குடை என்று பார்ப்பது பூஞ்சையின் ஒரு சின்னப் பங்கு. மீதியெல்லாம் இழையாக இப்படி மண்ணிலும் மரத்திலும் ஓடுகிறது.

பக்கத்தில் புதிதாகத் தோண்டிய குழி ஒன்று. யாரோ தொட்டிக்கு என்று ஒரு செடியைப் பெயர்த்துப் போயிருக்கிறார்கள். அதற்குப் பழகிய மண்ணையும் பூஞ்சையையும் விட்டுவிட்டுச் செடியை மட்டும் கொண்டுபோய் என்ன செய்வார்களோ. மிச்சமிருப்பதன்மேல் சருகைக் கொஞ்சம் தள்ளி, பாதையில் இருந்து பார்த்தால் தெரியாதபடி வைத்துவிட்டு வந்தோம். மொட்டு மூன்றும் பாக்கி இருப்பதால் வாரக் கடைசியில் மறுபடி வரணுமாம், அவள் சொல்லிவிட்டாள்.