உஷ்மாலில் கழற்றிய வாசல் உத்திரம்

1842 ஜூலையில் நியூயார்க்கில் ஒரு காட்சிக்கூடம் ஒரே இரவில் எரிந்து போனது. ஃபிரெடெரிக் கேதர்வுட் என்ற ஆங்கிலேய ஓவியருடைய கூடம் அது. எரிந்தவற்றில் மெக்சிகோவின் யுகடான் பகுதியில் இருக்கிற உஷ்மால், கபா என்ற பழைய மாயா நகரங்களின் வாசல்களில் இருந்து கழற்றி வந்த செதுக்கு மர உத்திரங்களும் இருந்தன. மரம் சப்போட்டா, நாம் பழம் தின்கிற அதே சப்போட்டாதான். யுகடான் காட்டில் பல நூறு வருஷம் மழையைத் தாங்கி நின்ற வைரம் பாய்ந்த மரம், நியூயார்க்கில் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை, ஏனென்றால் இங்கே காரைக்குடியைச் சுற்றி வாராவாரம் ஏதோ ஒரு வீட்டில் பர்மா தேக்கு வாசல் நிலையைக் கழற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். புள்ளிகள், அதாவது வீட்டில் பங்குள்ள குடும்பங்கள், பெருகி, ஆளாளுக்கு ஓர் ஊரில் இருந்துகொண்டு, ஓடு மாற்றக்கூடக் கையெழுத்து வாங்க முடியாமல் கடைசியில் பிரித்து விற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வாசல் நிலைக்கு மேலே இருக்கும், கஜலட்சுமி செதுக்கிய சூரியப்பலகை ஒரு லாரியிலும் அதன் தூண்கள் இன்னொரு லாரியிலும் போய்விட்டால், அது எந்த வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், எந்தத் திசை பார்த்து நின்றது என்று அப்புறம் யார் சொல்வது?

கேதர்வுட்டை நான் பிடித்துக்கொண்டது இந்த இடத்தில்தான். 1839-இல் அவரும் ஜான் லாயிட் ஸ்டீபன்ஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞரும் ஹோண்டுராஸ் காட்டுக்குள் கோபான் என்ற மாயா நகரத்தைத் தேடிப் போனார்கள். ஸ்டீபன்ஸ் அந்த இடத்தையே 50 டாலருக்குப் பேசி முடித்து, சிலைகளை நியூயார்க்குக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டார். அது கைகூடவில்லை, நல்லவேளை. கேதர்வுட் செய்ததோ வேறு வேலை. கணுக்கால் சேற்றில், கொசுவுக்காகக் கையுறை போட்டுக்கொண்டு, ஆளைவிட உயரமான கல்லின் முன்னால் நின்று வரைந்தார். அவரிடம் கேமரா லூசிடா என்ற கருவி இருந்தது. ஒரு கம்பி நுனியில் சின்னப் பட்டகக் கண்ணாடி, அதன் வழியே பார்த்தால் எதிரே நிற்கும் சிலை தாளின் மேல் விழுந்த மாதிரி தெரியும், அந்தக் கோட்டிலேயே பென்சிலை ஓட்டலாம். அது இருந்தும் முதல் நாள் எதுவும் சரியாக வரவில்லை, வரைந்த தாள்கள் காலடியில் கிடந்தன. எகிப்தில் வரைந்து பழகிய கைக்கே பிடிபடாத அளவுக்கு அந்தச் செதுக்கு ஆழம், அத்தனை சுழிவு.

சில வருஷம் முன்னால் பாலென்கே என்ற இன்னொரு மாயா நகரத்தில் தங்கி வரைந்த வால்டெக் என்ற ஓவியர், அங்கே இல்லாத யானைத் தலையை எல்லாம் சேர்த்து வரைந்தார். கேதர்வுட் அப்படிச் செய்யவில்லை. கல்லில் செதுக்கியிருந்த மாயா எழுத்துகளில் ஒன்றுகூட அவருக்குப் புரியாது, ஆனாலும் பார்த்ததைப் பார்த்தபடியே போட்டார். 1952-இல் ரஷ்ய அறிஞர் யூரி க்னோரோசவ் அந்த எழுத்தைப் படிக்க வழி திறந்த பிறகு, கேதர்வுட் படத்தில் இருந்தே குறிகளை அடையாளம் காண முடிகிறது. இதைவிட நேர்மையான வேலையை நான் பார்த்ததில்லை. இந்த நகரங்களை எகிப்தியர் கட்டினார்கள், தொலைந்துபோன யூதக் குலங்கள் கட்டினார்கள் என்று பலர் அளந்துகொண்டிருந்த காலத்தில், அந்த ஊர் மக்களின் முன்னோர்தான் கட்டினார்கள் என்று ஸ்டீபன்ஸ் எழுதியதற்கும் இந்த மாதிரி பக்கத்தில் நின்று பார்த்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் நிலையை அளந்துகொண்டிருந்தபோது, "போறது போகப் போகுது, இதை எதுக்கு அப்பச்சி அளக்கிறே?" என்று ஆச்சி கேட்டார்கள். போவதால்தான் ஆச்சி, என்றேன். அப்புறம் அவர்களே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கதவு எந்தக் கல்யாணத்துக்கு வார்னிஷ் அடித்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டைப் பிரிப்பதாக முடிவாகிவிட்டால், ஆசாரி சாக்கட்டியால் எண் போட ஆரம்பிக்கும் முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். விற்காதீர்கள் என்று சொல்ல வரமாட்டேன். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது செதுக்கு நன்றாகத் தெரியும், அந்த நேரத்தில் படம் எடுத்து, அளவெடுத்து, வீட்டு வரைபடத்தில் குறித்து, ஒரு பிரதியை உங்கள் பங்காளிகளுக்கே தந்துவிடுகிறேன்.