பழைய பைக் எஞ்சினில் வெள்ளை பூத்த அலுமினியம்

எஞ்சின் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்ததும் காஸ்டிக் சோடா கலந்த கிளீனரைத் தேடிப் போகாதீர்கள், அது பூப்போடு சேர்த்து அலுமினியத்தையே தின்றுவிடும். எஞ்சின் ஆறியதும் கார்புரேட்டர், சைலன்சர் வழியாகத் தண்ணீர் இறங்காதபடி அடைத்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கை டீகிரீசர் போட்டு முழுசாக எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு பாகமாகப் பார்க்க வேண்டும். கிராங்க்கேஸ் (எஞ்சினின் கீழ்ப்பகுதிக் கூடு), சிலிண்டர் ஃபின் (சூடு ஆற சிலிண்டரைச் சுற்றி இருக்கும் தகடுகள்) போன்ற சொரசொரப்பான வார்ப்புக்குப் பித்தளை பிரஷ் போதும். ஸ்டீல் வூல் வேண்டவே வேண்டாம், இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து, ஈரம் பட்டால் அந்த இடத்திலேயே மறுபடியும் அரிப்பு தொடங்கும்.

கிளட்ச் கவர் விஷயம் வேறு. பல பழைய பைக்குகளில் அதன் மேல் கண்ணாடி போல ஒரு லாக்கர் பூச்சு இருக்கும். அதற்கு அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி கோடு கோடாகத் தெரிந்தால் மேலே எவ்வளவு பாலிஷ் தேய்த்தாலும் பலன் இல்லை, பெயின்ட் ரிமூவர் போட்டு லாக்கரை உரித்தே ஆக வேண்டும். பிறகு 400, 600, 800, 1200 என்று வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம். ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால் முந்தைய கீறல் போய்விட்டதா என்று கண்ணுக்கே தெரியும், இந்தப் பொறுமைதான் வேலையின் பாதி. கடைசியில் மெட்டல் பாலிஷ். துணி கறுத்தால் பயப்படாதீர்கள், அது இயல்புதான்.

பீட் பிளாஸ்டிங், அதாவது நுண்ணிய கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்வது, நன்றாகவே இருக்கும், ஆனால் முழுசாகப் பிரிக்காத எஞ்சினுக்கு நான் சொல்லமாட்டேன். ஆயில் போகும் துளையில் அந்த மணிகள் தங்கினால் பேரிங் போய்விடும். பாலிஷ் போட்ட கவருக்கு மெழுகு தடவிவிடுங்கள், ஃபின்னுக்குத் தேவையில்லை.