ஒரு சத்தத்தையும் காணோமே

பிரான்சுக்குப் போகிறோம் என்று சொன்னதும் என் பாட்டி கேட்ட முதல் கேள்வி, "அது எந்த சபைலே?" என்பதுதான். ஈபிள் டவரெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. 1947-லேயே நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆகிவிட்டோம், ஆனால் அவளுக்கு இன்றைக்கும் நாங்கள் பழைய லண்டன் மிஷன் எல்.எம்.எஸ்.தான், பக்கத்துத் தெருக்காரர்கள் ஆர்.சி. (கத்தோலிக்கர்), அதற்கும் அந்தப்பக்கம் சால்வேஷன் ஆர்மி, உலகம் அங்கே முடிந்தது. தேசே என்ற அந்த ஊரில் ஒரு துறவி மடம் இருக்கிறது பாட்டி, அங்கே உள்ள பிரதர்களில் ஆர்.சி.யும் உண்டு, நம்ம மாதிரி ஆட்களும் உண்டு, எல்லாரும் ஒன்றாகவே இருக்கிறார்கள் என்று விளக்கினேன். ரொம்ப நேரம் யோசித்தாள். "அப்போ கமிட்டி எலக்சன் வந்தா எவன் ஜெயிப்பான்?"

மார்த்தாண்டம் பக்கத்து சபை அரசியல் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு நியாயமான கேள்வி என்று புரியும்.

2018 ஜூலை. எங்கள் கல்லூரிக் கிறிஸ்தவ மாணவர் குழுவில் ஒன்பது பேர், கூட ஒரு சார். கிளம்பும் அன்று பாட்டி ஐநூறு ரூபாயை மடித்துக் கையில் வைத்து, "அந்தக் கோயில்ல காணிக்கை போட்டுரு மக்கா" என்றாள். மாற்றினால் ஆறு யூரோ சொச்சம் வந்தது. இந்த ஆறு யூரோவை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், நான் பட்ட பாடு பெரியது.

அதற்கு முன்னால் விசா. சென்னைக்குப் போய் கைரேகை கொடுக்க வேண்டும். எங்களில் அருமனைக்காரன் ஒருவன், தினமும் விடியும் முன்னே அப்பாவோடு ரப்பர் பால் வெட்டிவிட்டு, குளித்துக் கல்லூரிக்கு வருகிறவன். அவன் விரலை அந்த மிஷின் ஏற்கவே இல்லை. அங்கிருந்த அக்கா கண்ணாடியைத் துடைத்தார், இவன் விரலைத் துடைத்தார், ஈரத்துணி வைத்தார், நாலு தடவை அழுத்திப் பார்த்தார். கடைசியில் "உன் ரேகை எல்லாம் எங்கப்பா போச்சு?" என்றார். "தோட்டத்துல கிடக்கும் மேடம்" என்றான் இவன். அவர் சிரித்த சிரிப்பில்தான் ஐந்தாவது தடவை பதிவானது என்பது எங்கள் நம்பிக்கை.

பாரிசிலிருந்து மாக்கோன் வரை மணிக்கு 300 கிலோமீட்டரில் ரயில். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ராத்திரி முழுக்கக் குலுங்கிப் போகிற நமக்கு, கட்டுச்சோற்றைப் பிரிப்பதற்குள் இறங்கச் சொன்னால் எப்படி இருக்கும்? உண்மையாகவே தக்கலைக்காரி மடியில் விரித்த எலுமிச்சம்பழச் சோற்றோடுதான் பிளாட்பாரத்தில் இறங்கினாள். அங்கிருந்து பஸ். நாங்கள் அதுவரை அந்த ஊரை 'டெய்ஸ்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம், மூன்று மாதமாக, ஜெபக்குறிப்புகளில்கூட. டிரைவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "தேஸே?" என்றார். இல்லை இல்லை, டெய்ஸ் என்று சார் உறுதியாகச் சொன்னார். நல்லவேளை டிரைவர் அவரை நம்பவில்லை.

ஊர் ரொம்பச் சின்னது. மேட்டில் ஒரு பழைய கிராமம், சுற்றிலும் வயல்கள். 1940-இல் ரோஜர் என்ற 25 வயது சுவிட்சர்லாந்துக்காரர் ஜெனீவாவிலிருந்து சைக்கிள் மிதித்து இங்கே வந்து, ஒரு பழைய வீட்டை வாங்கி, போருக்குத் தப்பி ஓடிவந்த அகதிகளையும் யூதர்களையும் ஒளித்து வைத்திருக்கிறார். பிறகு வந்ததுதான் மடம். 1962-இல் திறந்த பெரிய ஆலயத்தைக் கட்ட ஜெர்மானிய வாலிபர்கள் வந்தார்களாம், எந்த நாடு படையெடுத்து வந்ததோ அதே நாட்டுப் பிள்ளைகள். இதை ஒரு பிரதர் சொல்லிக்கொண்டிருந்தபோது குளச்சல்காரன் என் காதில், "எங்க ஊர்ல ரெண்டு தெரு சண்டை தீர்றதுக்கே பதினஞ்சு வருசம் ஆச்சுடே" என்றான். அவன் கிண்டலாகச் சொல்லவில்லை.

சாப்பாட்டை நினைத்தால்தான் இன்னும் சிரிப்பு வருகிறது. காலையில் ஒரு பன், வெண்ணெய், இரண்டு குச்சி சாக்லேட். அவ்வளவுதான். முதல் நாள் நாங்கள் அதைத் தின்றுவிட்டு, பலகாரம் வரும் என்று உட்கார்ந்தே இருந்தோம். டீயைக் கிண்ணத்தில் ஊற்றித் தருகிறார்கள், பிடி கிடையாது, இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்க வேண்டும். எல்லா வேளைக்கும் ஒரே ஒரு கரண்டி, முள்ளும் இல்லை, கத்தியும் இல்லை. ஐரோப்பியப் பிள்ளைகள் அந்தக் கரண்டியால் எதையோ அறுக்கத் திணறிக்கொண்டிருக்க, நாங்கள் கையை விட்டுப் பிசைந்து முடித்துவிட்டோம்.

அங்கே போகிறவர்கள் எல்லாரும் ஏதாவது வேலை செய்ய வேண்டும். எங்களுக்குப் பாத்திரம் கழுவும் வேலை. இதைக் கேட்டதும் நம் பையன்கள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! கோயில் அசனத்துக்கு (சபை விருந்துக்கு) ஆள் உள்ளே இறங்கித் தேய்க்கிற அளவுக்கு வார்ப்பு கழுவிப் பழகிய கைகள். பொறுப்பாக இருந்த ஜெர்மன் பெண் எந்தத் தொட்டியில் முக்கி எந்தத் தொட்டியில் அலச வேண்டும் என்று படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோதே குளச்சல்காரன் பேண்டை மடித்துவிட்டு இறங்கிவிட்டான். ஒரு மணி நேர வேலையை இருபது நிமிடத்தில் முடித்து, வரிசையாகக் கவிழ்த்தும் வைத்தாயிற்று. அதற்குப் பரிசாக மறுநாளிலிருந்து பெரிய பாத்திரம் முழுக்க எங்கள் தலையில் வந்தது. உலகம் எங்கும் ஒன்றுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தேசேயில் ஒரு நாளைக்கு மூன்று ஜெபம். பிரசங்கம் கிடையாது. சின்னச் சின்னப் பாட்டு, ஒரே வரி திரும்பத் திரும்ப, ஒவ்வொன்றும் ஒரு மொழியில். வெள்ளை அங்கி போட்ட பிரதர்கள் நடுவில், ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இரண்டு பக்கமும் தரையில். தரை என்றதும் நமக்குக் கொண்டாட்டம், சம்மணம் போட்டு அசையாமல் இருந்தோம். பாவம் மற்றவர்கள், காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் புரண்டுகொண்டிருந்தார்கள். ஆனால் பாட்டுகளுக்கு நடுவே திடீரென்று ஒரு மௌனம் வருகிறது, எட்டுப் பத்து நிமிடம், யாரும் எதுவும் சொல்வதில்லை. நாம் பிறந்ததிலிருந்து ஜெபம் என்றால் சத்தம் என்று வளர்ந்தவர்கள், மைக்கில் ஒருவர் மூச்சு வாங்கினால் அந்த இடைவெளியில் நாலு பேர் ஸ்தோத்திரம் சொல்லி அடைத்துவிடுவோம். முதல் நாள் மூன்றாவது நிமிடத்தில் எங்கள் சார் ஜெபம் முடிந்துவிட்டது என்று நினைத்து கனமாக "ஆமேன்" என்றார். நூறு தலை திரும்பியது.

அது பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை மதிய ஜெபம், மௌன நேரம். நம் ஊரில் அப்போது சாயங்காலம் நாலு மணி, அருமனைக்காரனின் அம்மா சாயாவைக் குடித்துவிட்டு சாவகாசமாக வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போட்டிருக்கிறார். இவன் போனை அணைக்கிற அவசரத்தில் எடுத்தே விட்டான், அதுவும் ஸ்பீக்கரில். ரேகை இல்லாத விரலுக்கு அந்தப் போனும் ஒத்துழைக்கவில்லை என்று பிறகு சாதித்தான்.

"லேய் மக்கா! சாப்பிட்டியாலே?"

ஆலயம் முழுக்க எதிரொலித்தது. இவன் போனைச் சட்டைக்குள் திணித்தான். சட்டைக்குள்ளிருந்து அம்மா விடவில்லை. "என்னலே ஒரே இருட்டா இருக்கு? ஒரு சத்தத்தையும் காணோம்? ஆராவது செத்துப்போயாச்சா?"

எங்கள் ஒன்பது பேரின் தோளும் குலுங்க ஆரம்பித்தது. அடக்க அடக்க மூக்கு வழியாக வந்தது. அர்த்தம் ஒன்றும் புரியாத முன்வரிசைப் போலந்துப் பெண்கள், எங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் டீக் கிண்ணத்தோடு வந்து அர்த்தம் கேட்டார்கள், சொன்னோம். அந்த வாரம் முடியும்வரை எதிரே வருகிற ஒவ்வொருத்தரும் எங்களைப் பார்த்து "சாப்பித்தியாலே?" என்று கேட்டதுதான் நாங்கள் ஐரோப்பாவில் செய்த தமிழ்த்தொண்டு.

இதற்கிடையில் என் ஆறு யூரோ. ஒவ்வொரு ஜெபத்துக்கும் கையில் பிடித்துக்கொண்டு போவேன், காணிக்கைப் பை வரவே வராது. ஒரு பிரதரிடமே கேட்டேன். நாங்கள் எங்களுக்கென்று காணிக்கை வாங்குவதில்லை, உழைத்துத்தான் சாப்பிடுகிறோம் என்றார் சாந்தமாக. அறுப்பின் பண்டிகையில் ஒரு மட்டிக்குலையை ஏலம் விட்டு ஐயாயிரத்துக்கு ஏற்றுகிற சபையிலிருந்து வந்தவன் நான், எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அவர்கள் கையால் செய்கிற மண்பாண்டங்களை அங்கேயே விற்கிறார்கள். பாட்டி காசோடு என் காசையும் போட்டு ஒரு நீலக் குவளை வாங்கினேன். துறவிகள் ஜெபித்துக்கொண்டே செய்தது பாட்டி என்று கொஞ்சம் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது ராத்திரியானால் பல்செட்டைக் கழற்றி அதில்தான் போட்டு வைக்கிறாள்.

திரும்பி வந்து, வாலிபர் ஞாயிறு ஆராதனையை எங்களிடம் கொடுத்தார்கள். எட்டு நிமிடம் கேட்டோம், எங்கள் சபைப் போதகர் ஐயர் பேரம் பேசி இரண்டு நிமிடம் கொடுத்தார். முன்னறிவிப்பு சொல்லி, கண்ணை மூடி, மௌனம் தொடங்கியது. அரை நிமிடம் போயிருக்கும். பின்னாலிருந்து யாரோ "மைக் போச்சு" என்றார்கள். தடதடவென்று ஓடுகிற சத்தம், ஒயரைப் பிடுங்கிச் சொருகுகிற சத்தம், அப்புறம் நாலு பாக்ஸிலும் ஒரே நேரத்தில்:

"அல்லோ... ஒன், டூ, த்ரீ..."