புறவாசலில் ஒரு ஆண் பப்பாளி

ஆகஸ்ட் 9

மாசியில் விதை போட்டு, பங்குனிக் கடைசியில் நட்ட பப்பாளியில் இன்று முதல் பூ. நான்கு குழி, குழிக்கு மூன்று கன்று. வடக்கு ஓரத்துக் கன்றில் இலைக்கணுவிலிருந்து நீளமாக ஒரு காம்பு தொங்குகிறது, அதில் கொத்துக் கொத்தாக அரும்பு. ஆண்தான், சந்தேகமே இல்லை. பெண் பூ இப்படித் தொங்காது. தண்டை ஒட்டி, ஒன்றோ இரண்டோ, பருமனாக உட்கார்ந்திருக்கும். "ஆண்தாம்யா முந்திக்கிட்டுப் பூக்கும்" என்று அம்மா சொல்லியிருந்தாள். சரியாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 14

இன்னும் மூன்று ஆண். பக்கத்து வீட்டு மதினி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "காய்க்காத மரத்துக்கு எதுக்குத் தண்ணி ஊத்துதிய? வெட்டிப் போடுங்க. இல்லன்னா ஒரு ஆணிய அடிங்க, பொண்ணா மாறிரும்" என்றார்.

ஆணி அடித்து ஆண் பெண்ணாகாது. பப்பாளி ஆணா பெண்ணா என்பது நம்மைப் போலவே குரோமோசோம் கணக்கு, விதைக்குள்ளேயே முடிந்துபோன காரியம். சில ஆண் மரங்களில் கொத்தின் நுனியில் இருபால் பூ வந்து, நீளக் காம்பில் ஒல்லியாக ஒரு காய் தொங்குவதுண்டு. ஆணி அடித்த மரத்தில் அப்படி ஒரு காய் வந்தால் ஊரே நம்பிவிடும். ஆனால் அந்த ஓட்டை வழியாக அழுகல்தான் உள்ளே போகும்.

ஆகஸ்ட் 27

எல்லாம் தெரிந்துவிட்டது. ஏழு ஆண், ஐந்து பெண். குழிக்கு ஒன்று என்று மூன்று குழியில் பெண்ணை நிறுத்தினேன். வடக்குக் குழியில் முதலில் பூத்த அந்த ஆணை மட்டும் விட்டேன். மற்ற எட்டையும் வெட்டியாயிற்று. பெண் இரண்டை வெட்டும்போது மனசு கேட்கவில்லை, ஆனால் ஒரே குழியில் இரண்டு நின்றால் இரண்டும் தேறாது. பால் பட்டுக் கை அரித்தது. முழுக்கைச் சட்டை போட்டிருக்க வேண்டும்.

தோப்பாகப் போடுகிறவர்கள் பதினைந்து இருபது பெண்ணுக்கு ஓர் ஆண் விடுவார்கள். மூன்று பெண்ணுக்கு ஓர் ஆண் என்பது தாராளம்தான். ஒன்றுகூட விடாமல் ஆணை முழுக்க ஒழித்தால் பெண்ணின் பூ பெரும்பாலும் உதிர்ந்துவிடும். பனையில் ஆணை யாராவது வெட்டுகிறோமா? அலகுப் பனை நுங்கு தராது, பதநீர் தருகிறது, அதனால் பிழைத்தது. பப்பாளி ஆணுக்குக் கொடுக்க மகரந்தம் ஒன்றுதான் இருக்கிறது, அது யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆகஸ்ட் 30

இந்த விதை எப்படி வந்தது என்று எழுதி வைக்க வேண்டும். இது ஆச்சி காலத்திலிருந்து வீட்டில் இருந்த நாட்டுப் பப்பாளி. உருண்டையாக, மஞ்சள் சதையாக, அப்படி ஒரு மணம். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் மாவுப்பூச்சி முதலில் தென்பட்டது. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் எங்கள் மரங்களும் வெள்ளை பூசியது போலாகி, இலை சுருண்டு, ஒவ்வொன்றாகச் செத்தன. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அந்தப் பூச்சி அடங்கியது. அதற்குள் அம்பாசமுத்திரத்தில் எங்கள் வளவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. களக்காட்டில் சித்தி வீட்டுக் கிணற்றடியில் ஒரே ஒரு மரம் தப்பியிருந்தது. அந்த வழியில் வந்ததுதான் இந்தப் பன்னிரண்டும்.

மதினி வீட்டில் நிற்பது ரெட் லேடி என்ற கலப்பினப் பப்பாளி. அதன் இருபால் பூவிலும் மகரந்தம் உண்டு. சுவர் ஆறடிதான், காற்றுக்கும் அந்திப் பூச்சிக்கும் அது ஒரு தடையா? வேற்று மகரந்தம் விழுந்தாலும் இந்த வருஷப் பழத்தின் ருசி மாறாது, சதை தாய் மரத்தினுடையது. கலப்பு விதைக்குள் போய் ஒளிந்துகொள்ளும், அடுத்த தலைமுறையில்தான் தெரியும். அதனால் விதைக்கென்று சில பெண் பூக்களையாவது மூடிவைத்து, எங்கள் ஆணின் மகரந்தத்தைக் கையால் சேர்க்கப் போகிறேன்.

செப்டம்பர் 5

தப்பு பண்ணிவிட்டேன். பெண் அரும்பு நான்கை பிளாஸ்டிக் கவரால் மூடினேன். இரண்டே நாளில் உள்ளே வேர்த்து நான்கும் கறுத்து விழுந்தன. பெண் மரம் எத்தனை அரும்பை எனக்காக வைத்திருக்கும்? பஜாரில் பட்டர் பேப்பர் வாங்கி வந்து அம்மா உட்கார்ந்து பசை போட்டுச் சின்னச் சின்ன உறை செய்து கொடுத்தாள்.

செப்டம்பர் 12

நேற்றுச் சாயங்காலம், மறுநாள் விரியும் என்று தெரிகிற மூன்று பெண் அரும்புகளுக்கு உறை போட்டேன். பருத்து, பச்சை போய் வெளுத்து, நுனி மட்டும் லேசாக நெகிழ்ந்திருக்கும். தொட்டுப் பார்த்தால் பழகிவிடுகிறது.

காலை ஆறரைக்கு ஆண் கொத்துக்குப் போனேன். ராத்திரி விரிந்த பூ வேண்டாம், அதில் எந்தப் பூச்சி எதைக் கொண்டுவந்து வைத்ததோ. விரியப் போகும் அரும்பாகப் பத்துப் பறித்தேன், அதிலேயே மகரந்தப் பை வெடித்துத் தயாராக இருக்கும். இதழை நகத்தால் கிழித்து உரித்தால் உள்ளே மஞ்சளாகப் பத்து மகரந்தத் தாள், ஐந்து நெட்டை, ஐந்து குட்டை. மல்லிகைக்குப் பக்கத்தில் வருகிற ஒரு வாசனை. இத்தனை நாள் புறவாசலில் ராத்திரி வந்த வாசனை எதுவென்று இன்றுதான் புரிந்தது.

பெண் பூவின் உறையைக் கழற்றினால், சூல்முடி ஐந்தாகப் பிரிந்து விசிறி மாதிரி விரிந்திருக்கிறது. உரித்த ஆண் பூவை அதன்மேல் மெதுவாகத் தடவினேன். ஒரு பெண்ணுக்கு மூன்று ஆண் பூ. ஐந்து பிரிவிலும் மஞ்சள் படிகிறவரை விடவில்லை. உடனே திரும்ப உறை, காம்பில் சிவப்பு நூல். முன்னால் கைகழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் தொட்டேன். ஈரம் பட்டால் மகரந்தம் வெடித்து வீணாகிவிடும்.

மிஞ்சிய பூவின் மகரந்தத்தை ஒரு பட்டர் பேப்பர் பொட்டலத்தில் தட்டி, செருப்புப் பெட்டியில் வந்த சிலிக்கா ஜெல் பையோடு ஒரு பாட்டிலில் போட்டு பிரிட்ஜில் வைத்தேன்.

செப்டம்பர் 15

பிரிட்ஜில் வைத்ததைக் கொண்டு இன்னும் இரண்டு பூ. இவற்றுக்கு நீல நூல்.

செப்டம்பர் 24

உறைகளைக் கழற்றினேன். சிவப்பு மூன்றும் பிடித்துவிட்டன. நீலத்தில் ஒன்று உதிர்ந்தது, ஒன்று நிற்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒவ்வொரு நூலையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 28

மழை. புறவாசலில் தண்ணீர் கட்டியது. பப்பாளி ஒரு நாள் தண்ணீரில் நின்றாலே தூர் அழுகும். மண்வெட்டியோடு ராத்திரி பத்து மணிவரை வாய்க்கால் வெட்டி வடித்தேன், தூரில் மண் அணைத்தேன். தெற்கு ஓரத்துப் பெண் மட்டும் சாய்ந்துவிட்டது. அதில்தான் ஒரு சிவப்பு நூல் இருந்தது.

பிப்ரவரி 16

நூல் கட்டிய முதல் காய் மரத்திலேயே மஞ்சள் கண்டது. இரண்டு நாள் வைத்து இன்று அறுத்தோம். சதை மஞ்சள், மணம் கூடம் முழுக்க. விதையைச் சாம்பலில் பிசைந்து வழவழப்பான தோலைக் கழற்றி, கழுவி, நிழலில் பரப்பியிருக்கிறேன். எண்ணினேன், 438.

மதினிக்கு ஒரு கீற்று கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, "எனக்கும் பத்து விதை வைங்க" என்றார். பத்தும் முளைத்தால் ஓர் ஆணை வெட்டாமல் விடவேண்டும் என்று சொன்னேன். சரி என்றார். களக்காட்டுக்கு ஐம்பது விதை தனியாக மடித்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை சித்தியைப் பார்க்கப் போகும்போது கொடுக்க வேண்டும்.