கண் எடுக்கத் தெரியாத மாதங்கள்

மார்ச் 3
பாப்பா பிறந்து நான்கு மாதம். பார்வைக்கு எண்ண வேண்டியது இரண்டு மாதம்தான். 32 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு நாற்பதுக்குக் குறைந்த 8 வாரத்தைக் கழிக்காமல் எந்த வளர்ச்சி அட்டவணையையும் திறக்கக் கூடாது. வீட்டில் எல்லோரும் பிறந்த தேதியிலிருந்தே எண்ணுகிறார்கள். பயமும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

மார்ச் 5
பாப்பாவின் பார்வை ஜன்னல் கம்பியில். மறுபடியும் ஜன்னல் கம்பி.

மார்ச் 9
பாட்டி பிடிவாதம் என்கிறார். பாவம், பாப்பாவால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒன்று முதல் மூன்று மாதம் வரை இப்படித்தான். கண்ணை ஓரிடத்தில் நிறுத்தும் கட்டுப்பாடு முதலில் வந்துவிடுகிறது. அங்கிருந்து விடுவித்து வேறிடம் அனுப்பும் பெருமூளைப் பகுதிகள் பிந்தித்தான் முதிர்கின்றன. அதனால் சில பிள்ளைகள் ஒன்றையே பார்த்தபடி அழுதுவிடும். அப்போது கிலுகிலுப்பையை ஆட்டிப் பயனில்லை. பார்க்கும் பொருளைத் துணியால் மறைக்கலாம், அல்லது பிள்ளையைத் தூக்கித் திருப்பிவிடலாம்.

மார்ச் 12
இன்று என் கண்ணைப் பார்த்தது! போன மாதம் வரை தலைமுடி ஓரமும் தாடையும்தான். 1976இல் மாரர், சாலபடெக் என்ற ஆய்வாளர்கள் பதிவு செய்த மாற்றம் இதுவே: ஒரு மாதத்தில் முகத்தின் விளிம்பு, இரண்டு மாதத்தில் உள்ளே கண்கள்.

மார்ச் 28
பால் குடித்த கையோடு பார்வையைச் சோதித்தால் தூங்கத்தான் செய்யும்.

ஏப்ரல் 4
குறைமாதப் பிள்ளைகளுக்கான விழித்திரைப் பரிசோதனை பிறந்த 30 நாளுக்குள்ளேயே முடிந்துவிட்டது, நல்லபடி வந்தது. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ 2 கிலோவுக்குக் குறைந்தாலோ அதைத் தள்ளிப்போடவே கூடாது. ஆனால் விழித்திரை நன்றாக இருப்பது வேறு, கவனம் முதிர்வது வேறு. கழித்த கணக்கில் மூன்று மாதம் தாண்டியும் முகத்தில் பார்வை நிற்காவிட்டால், கண்கள் ஓயாமல் அலைந்தால், விளக்கையே வெறித்தால், காத்திருக்கக் கூடாது. இங்கே பார்வை நிற்கிறது. நிற்கிறது, ஆனால் நகர மறுக்கிறது.

ஏப்ரல் 19
பார்வைக் கூர்மையைச் சோதிக்கும் கோட்டு அட்டை நாள். ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் வெறும் சாம்பல். இந்த வயதுக்கு 38 செ.மீ. தூரம். அட்டை நடுவிலுள்ள துளை வழியே பார்ப்பவருக்குக் கோடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருப்பது நல்லது. தெரிந்தால் மனம் பாப்பாவுக்குப் பதிலாக விடை சொல்லிவிடும். அட்டைக்கு மேல் முகம் தெரிந்தாலும் கெட்டது, பாப்பா முகத்தைத்தான் பார்க்கும். முதல் வருடத்தில், பார்வைக் கோணத்தின் ஒரு பாகைக்குள் எத்தனை கோட்டு ஜோடி பிரிந்து தெரிகிறது என்பது ஏறத்தாழ கழித்த மாதக் கணக்கோடு ஒத்துப்போகும். மூன்று வந்தது. நிம்மதி.

மே 2
நேர் எதிரே 30 செ.மீ.யில் சிவப்புப் பந்து. கண் நின்றதும் பக்கவாட்டில் கறுப்பு வெள்ளை அட்டை. பந்தை முதலில் மறைத்துவிட்டுக் காட்டினால் உடனே திரும்புகிறது. பந்து இருக்கும்போதே காட்டினால் தயக்கம், பிறகு திரும்பல். நான்கு மாதத்தை ஒட்டி இந்தத் தயக்கம் குறைய வேண்டும். குறைகிறது. வளையலைக் கழற்றிவிட வேண்டும். சத்தத்துக்குத் திரும்பியதைப் பார்வையின் கணக்கில் எழுதக் கூடாது. அட்டை பாப்பாவுக்குப் பின்னாலிருந்து வரட்டும், கை தெரிய வேண்டாம்.

மே 3
வலப்பக்கம் மட்டும்தான் திரும்புகிறது.

மே 4
தூளியில் இருபுறமும் துணி, மேலே ஒரு கீற்றுதான் தெரியும். விழித்திருக்கும் நேரமெல்லாம் பாயில் விட வேண்டும். குறைமாதப் பிள்ளைகள் பல வலப்பக்கம் தலை சாய்த்தே கிடக்கும். சாய்ந்த தலையோடு சோதித்தால் இடப்பக்கம் பின்தங்கியதாகத் தோன்றும். தலையை நடுவில் பிடித்து, பக்கங்களை முறை மாற்றி. அப்போதும் இடப்பக்கம் வராவிட்டால் கண் மருத்துவர், நரம்பியல் மருத்துவர் இருவரிடமும்.

மே 7
தலை நடுவில். இடப்பக்கம் திரும்பியது, ஒருமுறை. மெதுவாக. மாலையில் மறுபடி.