காட் மீனும் கத்தாழைக் கல்லும்

ஜூன் 27

காலையிலிருந்து விடாத மழை. மும்பை சயானில் தண்டவாளம் முங்கிவிட்டது, லேபுக்குப் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து நார்வே காட் மீனைப் பற்றிப் படித்தேன். என் ஆய்வு கத்தாழை மீனில்தான். ஆனால் ஒரே இனத்து மீன் இடத்துக்கு இடம் மரபணுவில் எப்படி வேறுபடுகிறது என்று கற்றுக்கொள்ள காட் மீனை விட்டால் நல்ல வாத்தியார் இல்லை.

நார்வேயில் காட் இரண்டு வகையாக வாழ்கிறது. ஒன்று வடக்கே பேரன்ட்ஸ் கடலில் வளர்ந்து, குளிர்காலக் கடைசியில் முட்டையிட லொஃபோடன் தீவுகள்வரை நீந்தி வரும். அதற்குப் பெயர் ஸ்க்ரேய். இன்னொன்று கரையோரத்திலும், மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் ஃபியோர்டு என்ற குறுகிய கடற்கழிகளிலும் அதிகம் நகராமல் இருக்கும். முட்டையிடும் பருவத்தில் இரண்டும் ஒரே வலையில் விழும். 1933-ல் குன்னார் ரோலெஃப்சன் என்பவர் மீனின் காதுக்கல்லை உடைத்து, உள்ளே இருக்கும் வளையங்களின் வடிவத்தை வைத்து இரண்டையும் பிரித்துக் காட்டினார். மரத்தில் வருவதைப் போலக் கல்லிலும் வருடா வருடம் வளையம் விழும்.

ஜூன் 28

அப்பா தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து பேசினார். காதுக்கல் கதையைச் சொன்னேன்.

"கத்தாழைத் தலையில ரெண்டு வெள்ளைக் கல்லு கிடக்குமே, அதானே மக்கா?"

அதேதான். கத்தாழைக்கு அது நன்றாகப் பெரிதாகவே இருக்கும். அப்புறம் அவர் கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்தது: "அந்த ஊரு மீன்பிடிக்கிறவனுக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருக்குமே?" தெரிந்துதான் இருந்தது. ஸ்க்ரேய் என்ற பெயரே இடம்விட்டு இடம் போவதைக் குறிக்கும் பழைய நார்ஸ் (நார்வேக்காரர்களின் பழைய மொழி) வினையிலிருந்து வந்தது. ஆராய்ச்சியாளர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கடலோடிகள் அதைத் தனி மீனாகப் பெயரிட்டு வைத்திருந்தார்கள்.

ஜூலை 2

1992-ல் இதே நாளில்தான் கனடா, நியூஃபவுண்ட்லாந்துக்கு வெளியே காட் பிடிப்பதை நிறுத்தியது. 1968-ல் அங்கே 8 லட்சம் டன்னுக்கு மேல் பிடித்திருக்கிறார்கள். தடை வந்த நாளில் 30,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். இரண்டு வருடத்தில் மீன் திரும்பிவிடும் என்று நினைத்தார்கள். வணிக மீன்பிடிப்பு மறுபடி முறையாகத் தொடங்கியது 2024-ல்தான், அதுவும் 18,000 டன் அளவில்.

முப்பத்திரண்டு வருடம். அட்லாண்டிக்கின் மறுகரையில் காட் இருந்துகொண்டேதான் இருந்தது. கடல் ஒன்றுதானே, இங்கே குறைந்தால் அங்கேயிருந்து வந்து நிரம்பாதா என்று கேட்டால், நிரம்பவில்லை. அந்தந்த இடத்துக்கூட்டம் தன் வழியையும் பருவத்தையும் தானே சுமந்துகொண்டிருக்கிறது. ஒரு கூட்டம் போய்விட்டால் பக்கத்துக் கூட்டம் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும் என்று நம்பி வலை வீசக் கூடாது. இதைச் சொல்லத்தான் நான் இந்தப் படிப்பையே படிக்கிறேன்.

ஜூலை 5

இன்று முழுக்க மரபணு. 1961-ல் க்னூட் சிக் என்ற ஆய்வாளர் காட் மீனின் ஹீமோகுளோபினே ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் இருப்பதைக் காட்டினார். அப்புறம் பான்-1 என்ற மரபணு வந்தது. அதன் ஏ வடிவம் கரையோர மீனில் அதிகம், பி வடிவம் ஸ்க்ரேயில் அதிகம்.

வியப்பு என்னவென்றால், மரபணுத் தொகுதியின் பெரும்பகுதியில் இரண்டுக்கும் வேறுபாடு மிகச் சிறியது. காட் லட்சக்கணக்கில் முட்டையிடும், முட்டைகள் நீரோட்டத்தில் மிதந்து கலக்கும். தலைமுறைக்குக் கொஞ்சம் மீன் இடம் மாறினாலே போதும், வேறுபாடு கரைந்துவிடும். ஆனால் முதல் குரோமோசோமில் மட்டும் ஒரு நீண்ட துண்டு தலைகீழாகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. பான்-1 அதற்குள்தான் இருக்கிறது. சீட்டுக்கட்டைக் கலைக்கும்போது சில சீட்டுகளை மட்டும் ரப்பர் பேண்டால் கட்டிவைத்தால் எப்படியோ அப்படி. மற்றவை கலைந்துபோகும், கட்டு மட்டும் சேர்ந்தே போகும். நேராக ஒன்றும் தலைகீழாக ஒன்றும் ஒரே மீனில் சந்திக்கும்போது அந்தத் துண்டுக்குள் பரிமாற்றம் அநேகமாக நடப்பதில்லை. அதனால் அதற்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒரு குடும்பச் சொத்தைப் போலக் கலையாமல் வருகின்றன. தொலைதூரம் நீந்துவதற்கும் ஆழத்துக்கு இறங்குவதற்கும் உதவுபவை அவற்றில் இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

சராசரியை மட்டும் பார்த்தால் "இரண்டும் ஒன்றுதான்" என்று எழுதிவிட்டுப் போயிருப்போம்.

ஜூலை 11

மனசு சரியில்லை. மீன் சதைத்துண்டுகள் வைத்த பெட்டியில் நான்கு குப்பிகளில் பேனாவால் எழுதிய ஊர்ப்பெயர், கசிந்த ஆல்கஹாலில் அழிந்துபோயிருந்தது. வெர்சோவா மீனா, ரத்னகிரி மீனா என்று தெரியவில்லை. மரபணுவை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று ரூம்மேட் கேட்டாள். அதற்கு இரண்டு இடத்து மீன்களின் கணக்கும் முதலில் கையில் இருக்க வேண்டும், வேறுபாடும் தெளிவாக இருக்க வேண்டும். லொஃபோடனில் அது இருக்கிறது. 2009-லிருந்து அங்கே ஒரு பகுதியில் பிடிபட்ட மீனைப் பரிசோதித்து, ஒரு நாளுக்குள் எத்தனை பங்கு கரையோர காட் என்று சொல்லிவிடுகிறார்கள். பங்கு அதிகமென்றால் அந்த இடத்தைத் திறப்பதில்லை. எங்களுக்கு அந்த அடித்தளமே இனிமேல்தான். நான்கு குப்பியையும் ஒதுக்கிவைத்தேன்.

ஜூலை 23

மழை, காய்ச்சல், ரசம் சாதம். எதுவும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 6

ஜூலை 31-ஓடு இந்தக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்துவிட்டது. வெர்சோவா கரையில் ஐஸ் உடைக்கும் சத்தம் மறுபடி கேட்கிறது. எப்போதும் நான் மீன் வாங்கும் மாவ்ஷி (மராத்தியில் சித்தி), "உனக்குத் தலைதானே வேணும்?" என்று மராத்தியில் கேட்டு, ஏழு கத்தாழைத் தலைகளைத் தனியாக எடுத்துக் கொடுத்தாள். எங்கே பிடித்தது, எந்தப் படகு என்று கேட்டேன். மகனைக் கூப்பிட்டு விசாரித்துச் சொன்னாள்.

ராத்திரி கல் எடுத்துக் கழுவினேன். மொத்தம் பதினான்கு. ஒவ்வொரு மீனிலும் செவுளருகே துளி சதை வெட்டிக் குப்பியில் போட்டேன். இந்த முறை பென்சிலால், கெட்டிக் காகிதத்தில், குப்பிக்குள்ளேயே: வெர்சோவா, ஆகஸ்ட் 6, படகின் பெயர், ஒன்று முதல் ஏழு.

அப்பாவுக்குப் போன் போட்டு, திரேஸ்புரத்துத் தலைகளுக்குச் சொல்லிவைத்தேன்.