சாட்ஸ்வொர்த் வார்டில் மீண்டும் வேட்பாளராக: ஒரு நாட்குறிப்பு

5 செப்டம்பர் 2021, ஞாயிறு

உள்ளாட்சித் தேர்தலைப் பிப்ரவரிக்குத் தள்ளிவைக்கக் கோரிய விண்ணப்பத்தைத் தென்னாப்பிரிக்காவின் அரசமைப்பு நீதிமன்றம் வெள்ளிக்கிழமை மறுத்துவிட்டது. நவம்பர் 1ஆம் தேதிக்குள் தேர்தல் நடந்தே தீர வேண்டும் என்பதால் இனி எல்லாமே அவசர கதிதான். மதியச் சாப்பாட்டின்போது, இந்த முறையும் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள எங்கள் வார்டில் சுயேச்சையாக நிற்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். தம்பி மகன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "ஜெயிக்க மாட்டோம்னு தெரிஞ்சே எதுக்கு அத்தை ஒவ்வொரு தடவையும் நிக்கிறீங்க?" என்று கேட்டான். கேலி இல்லை, என்மேல் உள்ள அக்கறையால் வந்த கேள்வி. ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் விடை என்னிடம் இல்லாததால், தேர்தல் முடியும் வரை அவ்வப்போது இங்கே எழுதி வருகிறேன். தெருவில் இதையே கேட்கும் மற்றவர்களும் படிக்கட்டும்.

11 செப்டம்பர் 2021, சனி

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். டர்பனை ஆளும் எத்தெக்வினி மாநகராட்சி மன்றத்தில் 222 இடங்கள். அவற்றில் 111 வார்டுக்கு ஒருவராக நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவை. மீதி 111 கட்சிகளின் பட்டியலிலிருந்து விகிதாசார முறையில் நிரப்பப்படுபவை. வாக்காளரின் கையில் இரண்டு சீட்டுகள் கொடுக்கப்படும்: முதலாவது வார்டு வேட்பாளருக்கு, இரண்டாவது கட்சிக்கு. கட்சியின் பெயரில் நிற்பவர் வார்டில் தோற்றாலும் அவர் வாங்கிய வாக்குகள் கட்சியின் மொத்தக் கணக்கில் சேர்ந்து பட்டியல் இடங்களைக் கூட்டித் தரும். சுயேச்சைக்கு அப்படி ஒரு வழியே கிடையாது. வார்டில் வென்றால் உண்டு, தோற்றால் அந்த வாக்குகள் வேறெந்தக் கணக்கிலும் சேராது.

இதை வைத்துத்தான் எங்கள் தெருவில் பலர், "உனக்குப் போடும் ஓட்டு வீண் ஓட்டு" என்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: இரண்டாவது சீட்டில் உங்களுக்குப் பிடித்த கட்சிக்கே போடுங்கள், மாநகரத்தை யார் ஆள வேண்டும் என்பது அந்தச் சீட்டின் கேள்வி, முதல் சீட்டு கேட்பது வேறு. மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள் என்று அது கேட்கிறது.

18 செப்டம்பர் 2021, சனி

புரட்டாசி முதல் சனிக்கிழமை. வாக்காளர் பதிவுக்கான வார இறுதியும் இதுவே என்பதால் காலையில் பூஜை முடித்த கையோடு பதிவு மையத்துக்குப் போய்விட்டேன். இந்த ஊரில் புரட்டாசி விரதம் தமிழ்க் குடும்பங்களில் எவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பது வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும்; மாதம் முழுவதும் மாமிசத்தைத் தொடாதவர்கள், சனிக்கிழமைகளில் வாழையிலை போட்டுப் படையல் வைப்பவர்கள். அந்தப் படையலுக்கு நடுவே கையெழுத்துக் கேட்டுப் போவது சங்கடமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் போன வீடுகளிலெல்லாம் இலை போட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

சுயேச்சை வேட்பாளரின் மனுவில் அந்த வார்டின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள 50 பேர் கையெழுத்திட வேண்டும். 50 என்பது சிறிய எண்தான். ஆனால் ஒவ்வொருவரின் பதின்மூன்று இலக்க அடையாள எண்ணையும் எழுதி, அவர் பெயர் பக்கத்து வார்டில் இல்லாமல் நம் வார்டில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் ஒரு கையெழுத்துக்கு அரை மணி நேரம் கூட ஆகிவிடுகிறது. மேட்டுத் தெருவில் இருக்கும் ஆயாவுக்குத் தொண்ணூறு வயது நெருங்குகிறது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளின்மேல் ஒரு அளவுகோலை வைத்து, அதன் விளிம்பை ஒட்டித் தம் பெயரைத் தமிழிலேயே எழுதினார். சிறுவயதில் தமிழ்ப் பள்ளியில் கோடு தாண்டக் கூடாது என்று பழக்கியதாம். எழுதி முடித்ததும், "போன தடவை நீ கேட்டுக்கிட்டுப் போனியே அந்தப் படிக்கட்டு, கைப்பிடி போட்டுட்டாங்க, தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியும். வேலை நடந்த நாளில் அங்கே நின்று பார்த்திருந்தேன்.

21 செப்டம்பர் 2021, செவ்வாய்

மாலை ஐந்து மணிக் கெடுவுக்கு முன்பே மனு சேர்ந்துவிட்டது. காப்புத்தொகை 1,000 ரேண்ட். வார்டில் பதிவாகும் வாக்குகளில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தால் பணம் திரும்பி வரும்.

3 அக்டோபர் 2021, ஞாயிறு

இன்று அப்பாவின் திதி. அவரைப் பற்றி எழுதாமல் தம்பி மகனின் கேள்விக்கு விடை முழுமையாகாது.

அப்பா டர்பன் மாநகராட்சியின் துப்புரவுத் தொழிலாளி. தாத்தாவும் அதே வேலைதான். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிய பிறகு, இந்நகரத்தின் தெருக்களைக் கூட்டியதும், குப்பை அள்ளியதும், சாலை போட்டதும் பெரும்பாலும் நம்மவர்களும் ஆப்பிரிக்கர்களும்தான். மாநகராட்சி இந்தியத் தொழிலாளர்களைக் குடிவைத்திருந்த மேகசின் பாரக்ஸில் அப்பா பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே வாக்குரிமை போய்விட்டது. 1896இல், அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த எங்கள் நேட்டாலின் சட்டமன்றத்துக்கு வாக்களிக்கும் வழி இந்தியர்களுக்கு அடைக்கப்பட்டது. மிச்சமிருந்த நகராட்சி வாக்குரிமையையும் 1924ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துக்கொண்டது. அதாவது, தாம் கூட்டிய தெரு எங்கே போக வேண்டும், தாம் வெட்டிய வடிகால் யார் வீட்டுப் பக்கம் ஓட வேண்டும் என்று முடிவெடுக்கும் மன்றத்துக்கு ஓர் உறுப்பினரைக்கூட அனுப்ப முடியாமல் அப்பா தம் பணிக்காலம் முழுவதையும் கழித்தார்.

ஒவ்வொரு இனத்தவரும் தனித்தனிப் பகுதியில்தான் குடியிருக்க வேண்டும் என்ற இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ் 1960களில் பாரக்ஸை இடித்து, குடும்பங்களை இங்கே சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். செங்குத்தான மேட்டில் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் இரட்டை வீடுகள். இந்தியர்களுக்கென்று உள்ளூர் விவகாரக் குழுக்கள் என ஏதோ அமைத்தார்கள். அவற்றுக்கு ஆலோசனை சொல்ல மட்டுமே அதிகாரம், கேட்பதும் கேட்காததும் வெள்ளையர் மன்றத்தின் விருப்பம். 1984இல், வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் ஆகியோருக்குத் தனித்தனி அவை கொண்ட மூன்று அவை நாடாளுமன்றத்துக்கு இந்தியர்கள் வாக்களிக்கலாம் என்று அழைத்தபோது, ஆப்பிரிக்கர்களை வெளியே நிறுத்திவிட்டுக் கொடுக்கும் வாக்கு வேண்டாம் என்று பெரும்பாலோர் புறக்கணித்தார்கள். அப்பாவும் போகவில்லை. பத்தாண்டு கழித்து, 1994இல்தான் எல்லோருக்கும் சமமான வாக்கு கிடைத்தது. இங்கே உள்ளாட்சிக்கு அந்த வாக்கு வர மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. 1996 ஜூன் 26 அன்று எங்கள் மாகாணமான குவாசூலு-நேட்டாலில் நடந்த முதல் சமத்துவ உள்ளாட்சித் தேர்தலில் அவர் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு வரிசையில் நின்றார். திரும்பி வந்தவர் சீட்டில் இருந்த பெயர்களைப் பற்றித்தான் நெடுநேரம் பேசினார்: இவர் எந்தத் தெரு, அவர் எங்கே வேலை பார்த்தார், இவரை நமக்குத் தெரியுமா.

அந்தக் கேள்விகளை இன்று எங்கள் வார்டில் யாரும் கேட்பதில்லை. கட்சி எது என்றே கேட்கிறார்கள். சீட்டில் நம் தெருக்காரர் ஒருவரின் பெயர் இருந்தால்தான் அப்பா கேட்ட அந்தக் கேள்விகளும் உயிரோடு இருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

10 அக்டோபர் 2021, ஞாயிறு

வீடு வீடாகப் போனோம். முகக்கவசத்துக்குள் மூச்சு வாங்குகிறது, மேடும் ஒரு காரணம்.

நான் துண்டறிக்கையை விட அதிகமாக நம்புவது என் நீலக் குறிப்பேட்டை. ஒவ்வொரு வீட்டிலும் சொல்லப்படும் குறையைத் தேதி, இடம், புகார் எண் ஆகியவற்றோடு எழுதிக்கொள்கிறேன். புகார் எண் இல்லாவிட்டால் அங்கேயே என் தொலைபேசியில் பதிவு செய்து எண்ணை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவது. இன்று சரிவின் பாதியில் ஒரு வீட்டில் தண்ணீர்க் கட்டணம் இரு மடங்காக வந்திருப்பதாக அழாத குறையாகச் சொன்னார்கள். எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லிவிட்டு மீட்டரைத் திறந்து பார்த்தோம். சின்னச் சிவப்பு முள் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. மீட்டருக்கும் வீட்டுக்கும் இடையில் கசிவு. அது வீட்டுக்காரர் பொறுப்பு, தெருக் குழாயாக இருந்தால் மாநகராட்சியின் பொறுப்பு என்ற வேறுபாட்டைக்கூட இத்தனை ஆண்டுகளில் யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. எங்கள் பக்கம் ஒரு பிளம்பர் அண்ணன் இருக்கிறார். நாளை வருவதாக ஒப்புக்கொண்டார்.

இதைத் தேர்தல் இல்லாத காலத்திலும் செய்யலாமே என்று தம்பி மகன் கேட்பான். செய்கிறேன். ஆனால் வேட்பாளர் என்று சொல்லி வாசலில் நின்றால் மக்கள் உள்ளே கூப்பிட்டுப் பேசுகிறார்கள், மற்ற வேட்பாளர்களும் அதே விஷயத்தைப் பேச வேண்டிய கட்டாயம் வருகிறது. படிக்கட்டுக் கைப்பிடி போன தேர்தலில் என் துண்டறிக்கையில் மட்டும்தான் இருந்தது. வாக்குப்பதிவு நெருங்கியபோது எல்லோருடைய பேச்சிலும் இருந்தது.

16 அக்டோபர் 2021, சனி

இன்று கீழ்ப்பக்கத்துத் தகரக் குடியிருப்புக்குப் போனேன். எங்கள் வார்டு இந்தியர்களால் மட்டும் ஆனது அல்ல, ஆப்பிரிக்கர்களும் இங்கே வாழ்கிறார்கள். ஜூலையில் கடைகள் கொள்ளையடிக்கப்பட்டு, ரொட்டிக்கும் பால்மாவுக்கும் மணிக்கணக்கில் வரிசையில் நின்ற அந்த வாரத்தில், மேட்டில் இருந்தவர்கள் தெருமுனையில் காவல் நின்றார்கள். கீழே இருந்தவர்கள் மேலே வர அஞ்சினார்கள். டர்பனின் இன்னொரு இந்தியர் குடியிருப்பான ஃபீனிக்ஸில் உயிர்களே போயின. இங்கே அப்படி நேராமல் போனதற்கு இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த சிலர் இருந்தது ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

எனக்கு இங்குள்ள ஆப்பிரிக்கர்களின் மொழியான சூலு பேச வரும். அம்மாவோடு சந்தையில் கீரை விற்றுப் பழகியது. அங்கே ஒரு தாய், பொதுக் குழாயிலிருந்து வாளி சுமந்து ஏறும் பாதை மழையில் சறுக்குவதைக் காட்டினார். அதுவும் குறிப்பேட்டில் ஏறியது, கைப்பிடி கேட்ட அதே மேட்டின் இன்னொரு பக்கம் என்பதால் அடுத்தடுத்த பக்கத்திலேயே எழுதினேன். இன ஓட்டைக் குறிவைத்துப் பேசும் பேச்சு இந்தத் தேர்தலில் பெருகிவிட்டது. அது என்னைக் கோபப்படுத்துகிறது. ஒரே சரிவில் ஓடும் தண்ணீருக்கு இரண்டு வார்டுகள் கிடையாது.

1 நவம்பர் 2021, திங்கள்

காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது வரை வாக்குப்பதிவு. மேட்டுத் தெரு ஆயா நேற்றே சிறப்பு வாக்கு முறையில் வீட்டிலிருந்தபடி போட்டுவிட்டார். சாவடியில் இளைஞர்களை அதிகம் காணவில்லை. அது எனக்குக் கவலையாக இருக்கிறது, வேறெதையும் விட.

4 நவம்பர் 2021, வியாழன், தீபாவளி

வெற்றி கிடைக்கவில்லை. ஆனால் காப்புத்தொகை திரும்பி வரும். மாநகராட்சியில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. நாடு முழுவதும் பதிவு செய்தவர்களில் பாதிப்பேர்கூட வாக்களிக்கவில்லை. இப்படிப்பட்ட மன்றத்தில் ஒரு சுயேச்சையின் கைக்கும் மதிப்பு இருந்திருக்கும் என்பதால் தோல்வி எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. தம்பி மகன் முறுக்குத் தட்டோடு வந்து, அடுத்த முறை சாவடிக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

8 நவம்பர் 2021, திங்கள்

வென்றவரைச் சந்தித்து வாழ்த்துச் சொல்லிவிட்டு, குறிப்பேட்டின் நகலைக் கொடுத்தேன். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தவர், சறுக்கும் பாதை எங்கே என்று கேட்டார். புதன்கிழமை அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். கவுன்சிலரின் தலைமையில் பத்துப் பேர் வரை உட்காரும் வார்டு குழுவுக்குத் தேர்வு அறிவித்ததும் மனு போடுவேன். வரைவு பட்ஜெட் மார்ச் முடிவதற்குள் மன்றத்தில் வைக்கப்பட்டாக வேண்டும். அதன்மேல் கருத்துச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. பாதைக்குப் படி கட்ட என்ன செலவாகும் என்று மேஸ்திரி மாமாவிடம் மதிப்பீடு கேட்டிருக்கிறேன், எழுத்தில்.